முறை இல்லாத உறவுக்கு என்ன முறை?

மகளின் பாய்ஃப்ரெண்ட் பள்ளிப் படிப்பை முடிக்கிறான். விருந்துக்கு அழைப்பு வந்தாயிற்று. கையில் என்ன கொண்டுபோவது? ஜூன் பிறந்தால் அமெரிக்கத் தமிழ் வீடுகளைத் திணறடிக்கும் கேள்வி இது.

சென்ற ஆண்டு ஜூனில் நியூஜெர்சியின் எடிசனில் அக்கா வீட்டில் இருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்கு அடியில் ஓர் அழைப்பிதழ். நீல அங்கியும் சதுரத் தொப்பியுமாக ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மதியம் ஒன்று முதல் ஐந்து வரை வீட்டுத் தோட்டத்தில் விருந்து. எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறான். அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. இருவரும் ஒன்றரை வருடமாக... இந்த இடத்தில் அக்கா வாக்கியத்தை முடிக்கவே மாட்டாள். “பழகுறாங்க”, “ஒண்ணா இருக்காங்க”, “ஃப்ரெண்ட்ஸ்” என்று மூன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு மூன்றையும் கீழே வைத்துவிடுவாள்.

முந்தைய மாதம் பள்ளியின் ப்ராம் நடனத்துக்கு அவன் கோட்டில் பூவைக் குத்திக்கொண்டு வந்து, வாசற்படியில் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டபோது இவ்வளவு குழப்பம் இல்லை. அந்தப் பூவை வாங்கியது மகள். இப்போது குடும்பத்தோடு வரச்சொல்லி அழைப்பு. வாங்க வேண்டியதும் குடும்பம்தான்.

“நல்ல பேனா ஒண்ணு வாங்கிடலாமா?” என்றாள் அக்கா. பிறகு கைக்கடிகாரம். பிறகு சூட்கேஸ். அத்தான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “ஐம்பத்தோரு டாலர் கவர்ல போட்டுக் குடு, கதை முடிஞ்சுது” என்றார். அக்கா மகள் என்னைத் தனியே இழுத்து, “சித்தி, ஒரு கார்டு போதும்னு அம்மாகிட்ட சொல்லுங்க. வியர்டா எதுவும் பண்ண வேண்டாம்” என்று கெஞ்சினாள்.

கும்பகோணத்திலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். “அதெல்லாம் சரிடி, அந்தப் பையனுக்கு நாம என்ன முறை?”

யாரும் வாய் திறக்கவில்லை.

மொய் நோட்டில் இல்லாத பெயர்

தமிழில் உறவுக்கும் ‘முறை’தான் சொல், உறவுக்காகச் செய்ய வேண்டியதற்கும் ‘முறை’தான் சொல். “அவர் எனக்கு மாமா முறை” என்கிறோம். “மாமா வந்து முறை செஞ்சார்” என்றும் சொல்கிறோம். முதலாவது தெரிந்தால் இரண்டாவது தானே தெரிந்துவிடும். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி. மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வீட்டுச் சீர். தட்டில் இருப்பதை வைத்தே வந்தவர் யாரென்று சொல்லிவிடலாம். மொய் இன்னும் கறாரானது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடியில் மொய் விருந்து என்றே தனியாக வைப்பார்கள். நோட்டும் பேனாவுமாக ஆள் உட்கார்ந்திருக்கும். எழுதியது ஒருநாள் திரும்பி வந்தாக வேண்டும், கொஞ்சம் கூடுதலாக.

மகளின் பாய்ஃப்ரெண்ட் இந்த நோட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாப்பிள்ளை என்றால் பேச்சு எங்கேயோ ஓடிவிடும். தெரிந்த பையன் என்றால் பாதிப் பொய். ‘காதலன்’ சினிமாவுக்கும் செய்தித்தாளுக்கும் உரிய சொல். பதினெட்டு வயதுப் பையனை எந்த அம்மாவும் அப்படிச் சொல்வதில்லை. மகனின் கேர்ள்ஃப்ரெண்ட் என்றாலும், மகனின் பாய்ஃப்ரெண்ட் என்றாலும் இதே சங்கடம்தான். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வி எழவே எழாது. பன்னிரண்டாம் வகுப்பில் அப்படி ஒருவன் இருப்பது தெரிந்துவிட்டால், கூடிப் பேசப்போவது பரிசைப் பற்றியாக இருக்காது.

அமெரிக்கர்களும் ஒருகாலத்தில் இதைப் பொருளால் பேசியவர்கள்தான். படிப்பு முடித்த வகுப்பின் பெயரில் மோதிரம் போடும் வழக்கம் 1835-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தொடங்கி, பள்ளிகள்வரை இறங்கியது. 1950-களில் ஒரு பெண் தன் பையனுடைய வகுப்பு மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தால் பள்ளிக்கூடமே புரிந்துகொள்ளும். இன்று அந்த அடையாளமும் தேய்ந்துவிட்டது. உறவு ஊரறிய இருக்கிறது. அதற்கு எவ்வளவு எடை என்று சொல்ல ஒரு பொருள் இல்லை. ஆகவே கடையில் நின்று யோசிப்பது தமிழ் அம்மா மட்டும் இல்லை.

மார்க்குக்காக இல்லை, கிளம்புவதற்காக

நம் ஊரில் பிளஸ் டூ முடிவது ஒரு காலை நேரத்துச் செய்தி. ரிசல்ட் வரும், “மார்க் எவ்வளவு?” என்று போன்கள் வரும், பக்கத்து வீடுகளுக்கு இனிப்பு போகும். பரிசு உண்டென்றால் அது மார்க்குக்கான பரிசு. அமெரிக்காவில் அது ஒரு பட்டாபிஷேகம். தென் மாநிலங்களில் மே கடைசியிலும், நியூஜெர்சி பக்கம் ஜூன் மூன்றாம் வாரத்திலும் நடக்கும். பள்ளியின் கால்பந்து மைதானத்தில் அங்கி அணிந்த பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். பின்னால் ஒலிக்கும் இசை ஆங்கிலேயரான எட்வர்ட் எல்கர் 1901-ல் அமைத்த அணிவகுப்பு இசை. 1905-ல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது அதை வாசித்தார்கள். மற்றக் கல்லூரிகளும் பள்ளிகளும் பிடித்துக்கொண்டன. சான்றிதழ் வாங்கியதும் தொப்பிக் குஞ்சத்தை வலமிருந்து இடமாக மாற்றுவார்கள். கடைசியில் தொப்பிகள் வானத்தில் பறக்கும். அந்த வழக்கம் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1912-ல் பிறந்ததாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு பட்டதாரிகள் நேரடியாக அதிகாரிகள் ஆனதால் பழைய தொப்பி தேவைப்படவில்லை, தூக்கி எறிந்தார்கள்.

இத்தனை ஆரவாரமும் மார்க்குக்காக இல்லை. வகுப்பில் கடைசி மாணவனுக்கும் அதே அங்கி, அதே கைதட்டல். பதினெட்டு வயதாகிவிட்டது, இனி இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறான் என்பதுதான் விழாவின் உட்பொருள். அக்கா மகளின் பாய்ஃப்ரெண்ட் இன்டியானாவில் இருக்கும் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். எடிசனிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால்தான் போய்ச் சேரலாம்.

ஆக, இந்தப் பரிசு வழியனுப்பும் பரிசு. இது எனக்கு ஓக் ட்ரீ ரோட்டில் கடைகடையாக ஏறி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

நகைக்கடை, புடவைக்கடை, ஒரு பேனா

எடிசனையும் ஐசலினையும் தொட்டுக்கொண்டு போகும் ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியாவில் கிடைக்கும் எல்லாமே கிடைக்கும். முதலில் நகைக்கடை. “சின்னதா ஒரு கிராம் காயின்?” என்றாள் அக்கா. அமெரிக்கக் கடைகளில் தங்கம் என்றால் பெரும்பாலும் பத்து, பதினான்கு காரட். அழகுப் பொருள், அவ்வளவுதான். நம் கையிலிருந்து இருபத்திரண்டு காரட் போனால் கூடவே ஒரு வாக்குறுதியும் போகும். வாங்குகிற பையனுக்கு அது புரியாது. கொடுத்த செய்தி கும்பகோணத்துக்குப் போகும்போது அங்கே நன்றாகப் புரியும். “நிச்சயம் பண்ணிட்டியாடி?” என்று அம்மா கேட்பதைக் கற்பனை செய்ததும் அக்கா வெளியே வந்துவிட்டாள்.

அடுத்தது புடவைக்கடை. மகன் இருக்கும் வீடுகளுக்கு இங்கேதான் கண்ணி. மகனின் கேர்ள்ஃப்ரெண்ட் நவராத்திரி கொலுவுக்கு வந்தாள், புடவை கட்டி அழகு பார்த்தோம், அதையே பரிசாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். நாம் எடுத்துக் கொடுக்கும் பட்டுக்கு நம் வீட்டில் ஓர் அர்த்தம் உண்டு. மருமகளுக்குச் செய்வதை மருமகள் ஆகாதவளுக்குச் செய்துவிட்டால், இரண்டு பிள்ளைகளும் தாங்கவேண்டியது கூடிவிடும்.

கைக்கடிகாரம் அமெரிக்காவிலும் பழைய பட்டமளிப்புப் பரிசுதான். ஆனால் பின்பக்கத்தில் பெயர் பொறித்துத் தருவது அப்பா, தாத்தா செய்யும் வேலை. பையனின் அப்பா வாங்கிய கடிகாரத்தைவிட நாம் வாங்கியது உசத்தியாக இருந்துவிட்டால் விருந்திலேயே முகம் சுளிக்கும். சூட்கேஸும் அப்படித்தான், சொந்த அம்மா கொடுத்தால் அக்கறை, காதலியின் அம்மா கொடுத்தால் “சீக்கிரம் கிளம்பு” என்பதுபோல ஒலிக்கும்.

மிஞ்சியது பேனா. தமிழ் வீட்டுக்குப் படிப்புப் பரிசு என்றால் பேனாவைவிடப் பத்திரமான பொருள் உண்டா? அக்கா மகள் அலறினாள். 1989-ல் வந்த ‘சே எனிதிங்’ படத்தைப் பற்றிச் சொன்னாள். பள்ளி முடிந்த கோடையில் நடக்கும் காதல் கதை. அப்பாவின் பேச்சைக் கேட்டுக் கதாநாயகி காதலை முறித்துக்கொள்கிறாள்; காருக்குள் அவனிடம் ஒரு பேனாவைக் கொடுத்து அனுப்புகிறாள். அக்கா மகள் பிறப்பதற்கு வெகுநாள் முன் வந்த படம், ஆனால் அந்தப் பேனா இன்னும் மறக்கப்படவில்லை. நம்முடைய சரஸ்வதி கடாட்சம் அவர்களுக்குப் பிரிவுச் சின்னமாகிவிட்டது.

புத்தகம்? டாக்டர் சூஸ் 1990-ல் வெளியிட்ட ‘ஓ, தி பிளேசஸ் யூ’ல் கோ!’ ஒவ்வொரு வசந்தத்திலும் விற்பனைப் பட்டியலில் மறுபடி ஏறும் புத்தகம். அவர் வாழ்நாளில் வந்த கடைசிப் புத்தகமும் அதுதான். நல்ல பரிசு. ஒரே சிக்கல், அதே யோசனை இன்னும் நாலு பேருக்கு வந்திருக்கும்.

அந்த ஒரு டாலர்

அத்தான் சொன்ன கவர் மோசமான யோசனை இல்லை. அமெரிக்காவின் சில்லறை வணிகச் சங்கம் எடுக்கும் கணிப்புகளில் பட்டமளிப்புப் பரிசாக ரொக்கம்தான் முதலிடத்தில் வருகிறது. ஹவாயில் பட்டம் வாங்கிய பிள்ளைக்குப் பூமாலைகளை மூக்குவரை அடுக்குவார்கள். அவற்றோடு டாலர் நோட்டுகளை மடித்துக் கோத்த மாலையும் விழும். நோட்டு மாலை பார்த்த நமக்கு அதில் ஆச்சரியமே இல்லை. முன்பு தாத்தா பாட்டிகள் சேமிப்புப் பத்திரம் வாங்கிக் கொடுப்பார்கள். 2012-ல் வங்கிகளில் காகிதப் பத்திர விற்பனை நின்றதோடு அந்தப் பழக்கமும் தேய்ந்தது. அந்த இடத்தைக் கிஃப்ட் கார்டு பிடித்துக்கொண்டது. 2009-ல் வந்த சட்டப்படி அதிலுள்ள பணம் குறைந்தது ஐந்து வருடமாவது செல்லும், ஆகவே பையன் மேஜை டிராயரில் மறந்து வைத்தாலும் உடனே வீணாகாது.

இந்தியர்கள் அனுப்பும் அழைப்பிதழில் “பெட்டிப் பரிசுகள் வேண்டாம்” என்று ஒரு வரி இருக்கும். கவர் போதும் என்பதற்கான நாசூக்கு அது. அமெரிக்க நாகரிக வழக்கத்தில் அழைப்பிதழில் பரிசைப் பற்றிப் பேசுவதே கூச்சமான காரியம். ஆனால் அங்கேயும் நோட்டு உண்டு! பட்டமளிப்பு விருந்து முடிந்ததும் அம்மா உட்கார்ந்து, யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுவாள். மொய் நோட்டு மாதிரியே. அந்தப் பட்டியலைப் பார்த்து நன்றிக் கடிதம் எழுதவேண்டியது பையன். கையால் எழுத வேண்டும். நம் நோட்டு பணமாகத் திரும்பி வரும், அவர்கள் நோட்டு காகிதமாகத் திரும்பி வரும்.

கவரில் எவ்வளவு? அக்காவோடு வாதாடி நான் சொன்ன அளவுகோல் ஒன்று உண்டு: மகள் தன் சொந்தக் கையால் கொடுப்பதை அம்மாவின் பரிசு அமுக்கிவிடக் கூடாது. அக்கா மகள் வாரக் கடைசியில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்க்கிறாள். நியூஜெர்சியில் 2025-ன் பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் 49 சென்ட். அப்படி நின்று சம்பாதித்த காசில் போட்டோக்களை அச்சடித்து ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். கூடவே ஒரு கட்டுக் கடிதங்கள். “ஊர் ஞாபகம் வரும்போது பிரி”, “பரீட்சையில் சொதப்பினால் பிரி” என்று ஒவ்வொரு உறைமீதும் எழுதும் வழக்கம் அங்கே பிள்ளைகளிடம் உண்டு. அதற்குப் பக்கத்தில் அம்மா முந்நூறு டாலர் கடிகாரத்தை வைத்தால் அந்தக் கடிதங்களின் கதி என்ன?

ஐம்பது டாலர் என்று முடிவானது. அத்தானுக்கு இன்னொரு டாலர் வைக்காமல் கை ஓடவில்லை. அந்த ஒன்று எதற்கு? கணக்கு பூஜ்யத்தில் முடியக் கூடாது, உறவு தொடர வேண்டும் என்பதற்கு. அதைச் சொன்னதும் அவரே யோசித்தார். தொடருமா, தொடர வேண்டுமா என்பதைச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதா? ஒரு டாலரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டார்ம் அறையில் விளக்கேற்ற முடியாது

பொருளாகவே கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, பிள்ளை எங்கே போகிறது என்று. பள்ளி முடித்த எல்லாரும் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவதில்லை. 2022-ல் முடித்தவர்களில் அதே ஆண்டு அக்டோபருக்குள் கல்லூரியில் சேர்ந்தவர்கள் சுமார் 62 சதவீதம். அவர்களிலும் பலர் வீட்டிலிருந்தே உள்ளூர்க் கல்லூரிக்குப் போவார்கள். சிலர் மின்வேலை, குழாய்வேலை கற்கப் போவார்கள். அவர்களுக்கு நல்ல திருப்புளி செட் ஒன்று தங்கத்துக்குச் சமம். ராணுவப் பயிற்சிக்குப் போகிறவனுக்குப் பொருளே கொடுக்கக் கூடாது. முகாமில் அதை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

விடுதிக்குப் போகிறவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க டார்ம் கட்டில்கள் பலவற்றில் மெத்தை 80 அங்குல நீளம். வீட்டு ஒற்றைக் கட்டிலின் மெத்தை 75 அங்குலம். சாதாரண விரிப்பு வாங்கிக் கொடுத்தால் ஒரு மூலை எப்போதும் கழன்றுகொண்டே இருக்கும். மெழுகுவர்த்திக்குப் பெரும்பாலும் தடை, ஆகவே ஆசீர்வாதமாகக் காமாட்சி விளக்கு கொடுத்தால் அலமாரியில் சும்மாதான் இருக்கும். ரைஸ் குக்கரையும் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. பட்டியல் கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும். துணிமூட்டைப் பை, பொதுக் குளியலறைக்கு ரப்பர் செருப்பு, மின்னழுத்தக் காப்புள்ள ப்ளக் பட்டை என்று யாரும் பளபளப்பான தாளில் சுற்றித் தராத சாமான்களைத்தான் முதல் வாரத்தில் தேடுவான்.

நவம்பர் சோதனை

சொல்லக் கூச்சமான ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி வட்டாரத்தில் ‘டர்க்கி டிராப்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். முதலாண்டுப் பிள்ளைகளில் பலர் முதல்முறையாக ஊருக்கு வருவார்கள். அந்த விடுமுறையில் பள்ளிக்காலக் காதல்கள் பல முடிந்துபோகும். வான்கோழி விருந்து நடக்கும்போதே முறிவும் நடப்பதால் அந்தப் பெயர்.

அக்கா மகளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். “தெரியும் சித்தி. அதுக்குத்தான் ஆல்பத்துல எங்க ரெண்டு பேர் போட்டோ மட்டும் வைக்கலை. அவனோட டீம், அவன் நாய்க்குட்டி எல்லாம் இருக்கு. அப்புறமும் வெச்சுக்கலாம்ல?”

பதினேழு வயதுப் பெண் கண்டுபிடித்துவிட்டதைத்தான் பெரியவர்கள் ஓக் ட்ரீ ரோடு முழுக்கத் தேடினோம். பரிசு பையனுக்கு, காதலுக்கு இல்லை. காதல் நவம்பரில் முடிந்தாலும் ஒளித்துவைக்கவோ, திருப்பித் தரவோ, பார்த்துக் கலங்கவோ வேண்டியிராத ஒன்று. அப்படி ஒரு பொருள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ரயிலுக்குக் கிளம்புகிறவர் கையில் கட்டிக்கொடுக்கும் புளிச்சோற்றுப் பொட்டலத்துக்கு முறை கிடையாது. சொந்தக்காரருக்கும் கொடுப்போம், திண்ணையில் ஒருநாள் தங்கிப்போனவருக்கும் கொடுப்போம். யாரும் நோட்டில் எழுதுவதில்லை. விழுப்புரம் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும், பசி அடங்கியிருக்கும்.

கடைக்குப் போகுமுன் ஐந்து கேள்விகள்

• எங்கே போகிறான், போகிறாள்? விடுதியா, வீடா, வேலையா, ராணுவமா? விடை தெரியாமல் பொருள் வாங்க வேண்டாம்.

• நம் வீட்டில் இந்தப் பொருளுக்குத் தனி அர்த்தம் உண்டா? தங்கம், பட்டு, மோதிரம் மூன்றையும் தவிர்த்துவிடலாம்.

• பிள்ளையின் சொந்தப் பரிசை நம் பரிசு சிறுமைப்படுத்துமா? விலை குறைவாக இருப்பதே நல்லது.

• நம் பிள்ளையிடம் கேட்டோமா? அது கூச்சப்படும் பரிசு எவ்வளவு உயர்ந்ததானாலும் தவறான பரிசு.

• நாளை இருவரும் பிரிந்தாலும் அந்தப் பிள்ளை இதைச் சங்கடமில்லாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

டப்பா

வெள்ளிக்கிழமை இரவு அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். பையன் எப்போது வீட்டுக்கு வந்தாலும் தட்டையைத்தான் தேடுவானாம். “அந்த வட்டமான காரம்” என்று கேட்பானாம். ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையத் தட்டை, மேலே ஐம்பது டாலர் வைத்த கார்டு, கூடவே எண்பது அங்குல விரிப்பு ஒன்று. அவ்வளவுதான். அக்கா மகள் டப்பாவைப் பார்த்தாள். “ஓகே, இது வியர்ட் இல்லை” என்றாள்.

விருந்தில் பந்தலுக்கடியில் அலுமினியத் தட்டுகளில் பாஸ்தாவும் கோழியும் இருந்தன. டப்பா பரிசு மேஜைவரை போகவே இல்லை. பையன் வாங்கிய கையோடு திறந்து நண்பர்களுக்கு நீட்ட, நாலைந்து பேர் கண்ணீர் மல்க இருமிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவனுடைய அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் அதே டப்பா, பளபளவென்று கழுவித் துடைத்து. உள்ளே இன்னும் சூடு ஆறாத வாழைப்பழ பிரெட். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று தன் பாட்டி சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

அன்றிரவு அம்மாவை அழைத்து டப்பாவைக் காமிராவில் காட்டினோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“வெறுமனே தரலையா?”

“இல்லம்மா.”

“அப்ப முறை தெரிஞ்சவங்கதான்” என்றாள்.